மான் இந்தப் பக்கம் வந்ததா?

என் பெரியப்பா முயல் வேட்டைக்காரர். சட்டம் தடுக்கிறது என்று தெரிந்தே போனவர். 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் புலிக்கும் யானைக்கும்" என்று முடித்துவிடுவார். இப்போது எழுபதைத் தாண்டி, முழங்கால் தேய்ந்து, திண்ணையோடு இருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டேன். "பெரியப்பா, வேட்டையில ஒங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்? அடிக்கிறதா, கறியா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கறி என்னத்தா பெரிய கறி. அஞ்சு பேருக்கு ஒரு முயலு, ஆளுக்கு நாலு துண்டு வராது. போறதுதான். அந்தப் போறது இருக்குல்ல, அதுதான்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலோடு நான் போடும் சண்டை.

எங்கள் ராமநாதபுரத்துச் சீமையில் கண்மாய் வற்றி, அறுப்பு முடிந்து, வயல் தரிசாகக் கிடக்கும் மாசி பங்குனியில்தான் முயல் வேட்டை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் தெருமுனையில் ஒரு சீழ்க்கை கேட்கும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போடுவார். நெற்றியில் கட்டுகிற லைட், கம்பு, வலை, இரண்டு நாய், நாலைந்து ஆட்கள். சீமைக்கருவேலங்காட்டின் ஓரமாக நடப்பார்கள். லைட் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னினால் ஓட்டம். மின்னாத நேரம்தான் அதிகம். அப்போதெல்லாம் கண்மாய்க் கரையில் மல்லாந்து படுத்துக் கிடப்பார்களாம். யாரும் பேசமாட்டார்களாம். "பேசாம இருந்தாலும் கூட ஆளு இருக்கு, அது ஒரு சொகம்" என்றார். திரும்பி வந்த பிறகு ஒரு மாதத்துக்குக் கதை ஓடும். கவனித்திருக்கிறேன், பிடித்த முயலைப் பற்றி இரண்டு வரிதான் சொல்வார்கள். தப்பித்த முயலுக்குத்தான் நீளமான கதை.

"வேட்டையில சாதி கெடையாது, எல்லாம் ஒண்ணுமண்ணு" என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் நாய்களைப் பழக்கிக் கூட்டி வந்த கீழத்தெரு மாமாவின் பங்கு கண்மாய்க் கரையிலேயே இலையில் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடும். எங்கள் வீட்டு முற்றம்வரை அவரும் வந்ததில்லை, நாயும் வந்ததில்லை.

முற்றத்தில் இருந்தவள் பெரியம்மா. விடிகாலை நான்கு மணிக்கு நாய் குரைப்பது தூரத்தில் கேட்டதும் எழுந்து அம்மியைக் கழுவுவாள். மிளகும் மல்லியும் அரைத்து, அடுப்பு மூட்டி, முயல் வந்தால் குழம்பு, வராவிட்டால் கருவாட்டுக் குழம்பு. கறி ஆண்களுக்கு, சாறு எங்களுக்கு. அவள் ஒரு நாளும் "எங்க போறீக, எதுக்குப் போறீக, எப்ப வருவீக" என்று கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது. அவள் வெளியே போனதற்கோ ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது: சாவு, சடங்கு, கலியாணம், பிள்ளைப்பேறு. பரமக்குடி தாண்டி இருக்கும் தன் தாய்வீட்டுக்குச் சும்மா ஒரு தரம் போய்வந்தாள் என்று சொல்ல எனக்கு ஒரு நினைவும் இல்லை.

ஸ்பெயின் நாட்டுத் தத்துவவாதி ஒர்தேகா இ காசெட் 1942இல் வேட்டையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வேட்டைக்காரன் கொல்வதற்காகப் போவதில்லை, வேட்டையாடினோம் என்று ஆவதற்குத்தான் கொலை தேவைப்படுகிறது என்பது அவர் வாதம். என் பெரியப்பா இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை என்றே நம்புகிறேன். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான். கொல்வதுதான் இன்பம் என்று சொல்லியிருந்தால், அந்த இன்பம் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு நடந்திருப்பேன். இரவு, திறந்த வானம், கேள்வி கேட்காத துணை, திரும்பி வந்து சொல்ல ஒரு கதை, வெறுங்கையோடு வந்தாலும் குறையாத மரியாதை என்று பட்டியல் போடுகிறார்களே, இவற்றில் எதற்கு முயலின் கழுத்தை முறிக்க வேண்டும்? எதற்கு மீசை வேண்டும்?

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அகப்பொருளில் 'கெடுதி வினாதல்' என்று ஒரு துறை உண்டு. தினைப்புனம் காக்கும் பெண்களிடம் வந்து நிற்கிறான் ஒருவன். என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா என்கிறான். யானையும் இல்லை, மானும் இல்லை. ஒரு பெண்ணோடு பேச்சுக் கொடுக்க அவனுக்கு வேட்டை ஒரு சாக்கு. நம் உரைகாரர்கள் இதைச் சாதுரியம் என்று வியந்திருக்கிறார்கள். நானும் வகுப்பில் பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய நடப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். முருகன் வேடன் வேஷத்தில் வந்து மானைத் தேடுவான். வள்ளி தர்க்கம் பண்ணுவாள். அந்தத் தர்க்கத்துக்குத்தான் கூட்டம். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வள்ளி யார்? வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்தவள். வேட்டைக் குடியின் பெண். கையில் கவண் வைத்திருப்பவள், குறி தெரிந்தவள். அவளைப் பரண்மேல் ஏற்றி, குருவி விரட்ட உட்காரவைத்திருக்கிறார்கள். காட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் இருந்த இடத்திலேயே இருக்க, வேட்டை அவளைத் தேடி வருகிறது. தேடப்படும் மானே அவள்தான் என்று தெரிந்ததும் கூட்டம் கைதட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. ஊர் ஊராக, இரவு இரவாகப் போய் அந்த வள்ளியாக நடிக்கும் பெண்ணை இதே ஊர் என்ன பேர் சொல்லி அழைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முருகனாக நடிப்பவருக்கு அந்தப் பெயர் இல்லை.

சேதுபதி அவையின் பெருமைகளில் ஒன்று ஒருதுறைக் கோவை. அமிர்தகவிராயர் ரகுநாத சேதுபதி மீது பாடியது. தலைவி நாணிக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள் என்ற ஒரே துறைக்கு நானூறு பாட்டு. கற்பனை வளத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானூறு பாட்டு முடிந்தும் அவள் கை கண்ணைவிட்டு இறங்கவில்லை. பார்ப்பவன் ஒருவன், பார்க்கப்படுகிறவள் ஒருத்தி. அவள் திருப்பிப் பார்த்துவிட்டால் அந்தத் துறையே கிடையாது.

சாமிக்கு மட்டும் விலக்கு. கொற்றவை வில்லேந்தலாம். விஜயதசமியில் மகர்நோன்புத் திடலுக்கு அம்மன் அம்பு போடப் புறப்படலாம், வருஷத்துக்கு ஒரு நாள், ஊரே சூழ.

இப்படிப் பேசினால் பெண்ணியத் தோழிகள் உடனே பெரு நாட்டுக் கதையைச் சொல்வார்கள். ஆன்டீஸ் மலையில் ஈட்டிமுனைகளோடு புதைக்கப்பட்ட, 9000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் எலும்பைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆதியில் பெண்ணும் வேட்டையாடினாள் என்பதற்குச் சான்று. நல்லது. ஆனால் ஈட்டி பிடித்தாளா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், பாம்பனுக்குப் போனால் போதும்.

சின்னப்பாலத்திலும் திருப்புல்லாணி வட்டாரத்துக் கடலோர ஊர்களிலும் பெண்கள் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் கிழிந்த துணிச் சுற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து வருகிறார்கள். அகர் தயாரிக்கப் போகிறது அது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை ஒட்டிய கடல் 1986இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. தாயும் பாட்டியும் மூழ்கிய அதே பாறைக்கு இன்று மகள் போனால் அத்துமீறல். இத்தனைக்கும் மாதத்தில் 12 நாள் மட்டும்தான் எடுப்பது, மீன் இனப்பெருக்க காலத்தில் நிறுத்திவைப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டவர்கள் இவர்கள். அந்த முயற்சிக்காகத்தான் 2015இல் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு சீகாலஜி பரிசு வந்தது.

இவர்களைப் பற்றி எழுதப்படுவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். வறுமை, உழைப்பு, காயம், கல்மீன் குத்து, குறைந்த விலை. எல்லாம் உண்மை. வேட்டைக்காரனிடம் 'எது பிடிக்கும்' என்று கேட்கிற உலகம் இவர்களிடம் 'எவ்வளவு கஷ்டம்' என்று மட்டும் கேட்கிறது. ஆண் போனால் அது அனுபவம், பெண் போனால் அது பிழைப்பு. நான் பெரியப்பாவிடம் கேட்ட அதே கேள்வியைப் பாம்பன் கரையில் ஓர் அக்காவிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இதப் போயி கேக்குற. தண்ணிக்குள்ள முங்கிட்டா எவன் கூப்பிட்டாலும் காதுல விழாதுல்ல?" பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். படகில் போகும்போது அவர்கள் பேசுவதைக் கரையில் பேச முடியாது என்றும் சொன்னார்கள். என்ன பேசுவீர்கள் என்றதற்கு, "ஒன்னயக் கூட்டிட்டுப் போனாத்தான் தெரியும்" என்றார் இன்னொருவர்.

இதைச் சொன்னால், உழைப்புச் சுரண்டலுக்குக் கவிதை பூசுகிறாய் என்பார்கள். பூசவில்லை. அவர்களுக்கு நல்ல விலை வேண்டும், மருத்துவம் வேண்டும், அந்தப் பாறைகளைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அதோடு அந்தச் சிரிப்பும் அவர்களுக்கு உரியதுதான் என்கிறேன். கூலியைப் பேசுவதற்காக அதை மறைத்துவைக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு என் முதுகலை மாணவிகள் ஒன்பது பேர் தனுஷ்கோடிக்குப் போக ஆசைப்பட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வரும். விடியும் நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால் முதல்நாளே ராமேஸ்வரத்தில் தங்க வேண்டும். கல்லூரியில் படிவம் கொடுத்தார்கள். அப்பா அல்லது கணவர் கையெழுத்து, உடன் வருபவர் பெயர், திரும்பும் நேரம், பயணத்தின் நோக்கம். 'நெய்தல் திணை களஆய்வு' என்று எழுதச் சொன்னேன். எட்டுப் பேர் அப்படியே எழுதினார்கள். ஒருத்தி மட்டும் நோக்கம் என்ற கட்டத்தில் 'போக' என்று எழுதி நீட்டினாள். அடித்துவிட்டு மாற்றி எழுது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒன்பது படிவங்களையும் ஒன்றாக அடுக்கி, அவளுடையதை மேலே வைத்து, அலுவலகத்துக்கு அனுப்பினேன்.