பெயர் பல, எண் ஒன்று

ஸ்கூடாயில் ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் நண்பர் சலிப்போடு சொன்னார்: "இணையக் கடை போட்டு ஆறு மாசமாச்சு. ஒரு ஆர்டர்கூட வரலீங்க. மூடிடலாம்னு பார்க்கிறேன்."

அவர் பக்கத்தைத் திறந்தேன். ஒரு போத்தல் படம். கீழே 'ஐ.பி.ஏ., நல்ல தரம்' என்று மட்டும் இருந்தது. வாங்க வருபவரோ ஐசோபுரோபைல் அல்கஹால் என்று தேடுவார். வேறொருவர் ஐசோபுரோபனால் என்பார். ஆசிரியர் புரோபன்-2-ஓல் என்பார். மூன்றும் ஒரே பொருள்தான். நாம் எழுதாத பெயரைத் தேடுபொறி எப்படிக் காட்டும்?

இந்தக் குழப்பத்துக்குத்தான் சி.ஏ.எஸ். எண். அமெரிக்க வேதியியல் கழகத்தின் பிரிவொன்று 1965 முதல் வேதிப்பொருள்களுக்குத் தனித்தனி எண் வழங்கி வருகிறது. இதன் எண் 67-63-0. கடைசி 0 சரிபார்ப்பு இலக்கம்: முன்னுள்ள நான்கையும் வலமிருந்து 1, 2, 3, 4 ஆல் பெருக்கிக் கூட்டினால் 60; அது 0-வில் முடிகிறது.

தலைப்பில் முழுப் பெயர், எண், தூய்மை, அளவு. விவரத்தில் மற்றப் பெயர்கள், மலாய்ப் பெயரும் சேர்த்து. படத்துக்குள் அல்ல, எழுத்தாகவே.

அன்றிரவே இருவரும் நாற்பது பொருள்களைத் திருத்தினோம். கடையை மூடும் பேச்சைத் தீபாவளிவரை தள்ளி வைத்திருக்கிறார்.