அறிவியல் அரங்கம்: இமைப்பொழுதினும் சிறிய கதவு



மஃரிபுக்குப் பின் குடும்பத்தார் ஒன்றுகூடும் வேளையில், பிள்ளைகள் கைபேசித் திரையை விரலால் தொட்டுத் தள்ளுவதை நாள்தோறும் காண்கிறீர்கள். அத்தகைய திரைகளில் பெரும்பாலானவற்றில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பூச்சு ஒன்று இருப்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? கண்ணாடி ஒளிக்கு வழிவிடும், மின்சாரத்துக்கு வழிவிடாது. செம்பு மின்சாரத்துக்கு வழிவிடும், ஒளியை மறைக்கும். இரண்டுக்கும் வழிவிடும் பொருள் மிக அரிது. இண்டியம் ஆக்சைடுடன் சிறிதளவு வெள்ளீய ஆக்சைடைக் கலந்து ஆக்கப்படும் 'இண்டியம் டின் ஆக்சைடு' அவ்வரிய பொருள்களுள் ஒன்று.

பல்லாண்டுகளாகத் திரைத் தொழிலில் பழகிய இப்பொருளிடம் வேறொரு திறமும் மறைந்திருந்தது. 2016ஆம் ஆண்டு, கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பாய்டும் அவர்தம் குழுவினரும் இதன்மீது வலிய லேசர் ஒளியைப் பாய்ச்சினர். அகச்சிவப்பு ஒளியின் குறிப்பிட்டதொரு நிறத்தில், இதன் ஒளிவிலகல் எண் 0.72 அளவு மாறியது. பிற பொருள்களில் இம்மாற்றம் மிக மிகச் சிறிது. அதனினும் வியப்பு, மாறிய பொருள் ஏறத்தாழ 360 ஃபெம்டோ வினாடியில் பழைய நிலைக்கு மீண்டதாகும்.

ஃபெம்டோ வினாடி என்பது எவ்வளவு சிறியது? ஒரு வினாடியில் எத்தனை ஃபெம்டோ வினாடிகள் உள்ளனவோ, அத்தனை வினாடிகள் கழிய 3 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகும்! இக்கால அளவில் வேதிவினைகளை ஆராய்ந்தமைக்காகவே எகிப்தில் பிறந்த அஹ்மது ஸுவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

இம்மாற்றம் நிகழ்வது எங்ஙனம்? இப்பொருளுள் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் ஏராளம். லேசர் அவற்றைச் சூடேற்றுகிறது. சூடேறிய எலெக்ட்ரான்கள் எடை கூடியவை போல நடந்துகொள்கின்றன. ஆதலால் ஒளியலைக்கு அவை ஈடுகொடுக்கும் விதம் மாறுகிறது. பின்னர் அச்சூட்டை அணுக்களிடம் ஒப்படைத்துவிட்டு அமைதி அடைகின்றன.

இத்திறத்தைக் கொண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரிக்கார்டோ சாபியென்சாவின் குழுவினர் அருமையானதொரு சோதனை செய்து, 2023இல் முடிவை வெளியிட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தாமஸ் யங் என்பார், அருகருகே அமைந்த இரு வழிகளில் ஒளியைச் செலுத்தி, அது அலையாகப் பரவுவதை மெய்ப்பித்தார். குடைத்துணியின் ஊடே தொலைவிலுள்ள தெருவிளக்கை நோக்குங்கள். இழைகளின் இடைவெளியில் ஒளி சிதறிப் புள்ளிக் கோலமாகத் தெரியும். யங் கண்ட உண்மையின் உறவே அது.

லண்டன் குழுவினரோ பிளவை இடத்தில் அமைக்கவில்லை, காலத்தில் அமைத்தனர்! 40 நானோமீட்டர் தடிப்புள்ள பூச்சின்மீது அடுத்தடுத்து இரு லேசர் துடிப்புகளைப் பாய்ச்சினர். ஒவ்வொரு துடிப்பின்போதும் பூச்சு கண்ணாடிபோல் ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பி, உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரே கதவு இருமுறை திறந்து மூடினாற்போல! இடத்திலுள்ள பிளவு ஒளியின் திசையை மாற்றும். காலத்திலுள்ள பிளவோ ஒளியின் நிறத்தை மாற்றும். திரும்பிய ஒளியின் நிறங்களில் வரிவரியான கோலம் விழுந்தது. அக்கோலத்திலிருந்து, கதவு 1 முதல் 10 ஃபெம்டோ வினாடிக்குள் திறந்திருக்க வேண்டுமெனக் கணித்தனர். ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததைவிட இது மிக விரைவு.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். இன்று கண்ணாடி இழைகளில் ஒளியாக ஓடிவரும் செய்திகளைப் பிரித்தனுப்ப, வழியில் அவற்றை மின்சாரமாக மாற்ற வேண்டியிருக்கிறது. கணினியின் மின் விசைகள் வினாடிக்குச் சில நூறு கோடி முறை இயங்குகின்றன. அச்சோதனையில் பயன்பட்ட ஒளியலையோ வினாடிக்கு 230 லட்சம் கோடி முறை அதிர்வது. ஒளியை ஒளியாலேயே ஆள முடிந்தால் காலமும் மின்சாரமும் மிச்சப்படும்.

ஆயினும் நாளையே கடைக்கு வந்துவிடும் என்று நம்பிவிட வேண்டா. இதற்கு வலிய லேசர் தேவை. ஒளியில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. துத்தநாகச் சுரங்கங்களின் உபபொருளாகக் கிடைக்கும் இண்டியமும் அரிய உலோகம். இத்தடைகளைக் கடக்காமல் இக்கதவு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறாது.

"எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்களே, இனிப் படித்து என்ன?" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அப்பிள்ளையின் கையிலுள்ள திரையையே காட்டுங்கள். கோடானுகோடிப் பேர் தினமும் தொட்டுப் பழகிய பொருளிடம், அண்மைக்காலம் வரை எவரும் கேளாத கேள்வி ஒன்று காத்திருந்தது. இன்னும் எத்தனை காத்திருக்கின்றனவோ! கேட்கப் போகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் அன்றோ?