மருந்தின் நான்காவது கூறு

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. அந்த நான்காமவரைப் பற்றி எங்களில் எவரும் பின்னர் யோசித்ததில்லை. எங்கள் நண்பர் ஒருவரின் வயிற்றில் கத்தி பட்ட பிறகே யோசிக்க நேர்ந்தது.

நண்பர் வத்திராயிருப்புக்காரர், பள்ளி ஆசிரியர், வயது நாற்பத்து மூன்று. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் எங்கள் சிறு வட்டத்தில் அதிகம் வாசித்தவரும், அதிகம் எடை கொண்டவரும் அவரே. 165 செ.மீ. உயரத்துக்கு 128 கிலோ. உடல் நிறைச் சுட்டெண் 47. பத்தாண்டுச் சர்க்கரை நோய். படுத்தால் மூச்சு அடைபட்டுத் திடுக்கிட்டு விழிக்கும் உறக்கக் கோளாறு வேறு. கண்ணெதிரே மலை நிற்கும் ஊரில் பிறந்தும், தாணிப்பாறையைத் தாண்டிச் சதுரகிரி ஏற இயலாதவராக இருந்தார். இரண்டாண்டுகளுக்கு முன்னர், பெருநகரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, "வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்டவர்களில் எங்களில் சிலரும் உண்டு. அந்தக் கேள்விக்காக இன்று வெட்கப்படுகிறோம்.

ஏனெனில் அவர் வாயைக் கட்டாமல் இல்லை. விடிகாலை நடை, கொள்ளுக் கஞ்சி, இரவு உணவைத் துறத்தல் என எல்லாம் செய்தார். பத்து கிலோ குறையும். பன்னிரண்டு கிலோ திரும்பி வரும். எடை குறையத் தொடங்கியதும் உடல் அதனைப் பஞ்சம் என்று கருதிப் பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டுகிறது. ஓய்வில் எரிக்கும் சக்தியைக் குறைக்கிறது. மன உறுதியின் குறைவென்று நாம் பெயரிடுவதில் பெரும்பங்கு உடலின் தற்காப்பே. 'ஸ்லீவ்' எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்படுகிறது. பசிச் சுரப்பான கிரெலின் பெருமளவு ஊறும் மேற்பகுதியும் அத்துடன் போய்விடுகிறது. மற்றொரு முறையான 'பைபாஸ்', 1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கி வைத்தது. சுவீடனில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆய்வொன்று, இத்தகைய அறுவை செய்துகொண்டவர்களிடையே மரண விகிதம் குறைந்திருப்பதை 2007-ல் வெளியிட்டது. ஆகவே அறுவையைப் பழிப்பது எம் நோக்கமன்று. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தைப் பற்றியே எழுதுகிறோம்.

அறுவை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நான்காம் நாள் வீடு திரும்பினார். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம். உணவு அட்டவணை ஒரு பக்கம். அந்த அட்டவணையைப் படித்தவர் நண்பர் மட்டுமே. சமைப்பவரான அவர் மனைவியிடம் மருத்துவமனையில் எவரும் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பேசியிருக்கவில்லை. பத்தாம் நாள், பார்க்க வந்த உறவினர் கூட்டம், "தண்ணியைக் குடிச்சே எத்தனை நாள் உயிர் வாழ்வாக?" என்று மனமிரங்கியது. இரண்டு இட்லி உள்ளே போயிற்று. மாலையிலிருந்து வாந்தி. மறுநாளும் வாந்தி, ஒரு வாய் தண்ணீரும் தங்கவில்லை. மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டு சென்றோம். கிருஷ்ணன்கோவில் வந்து நெடுஞ்சாலையைத் தொடும் வரை காரில் ஒருவரும் பேசவில்லை.

மதுரையில் இருந்த மருத்துவர் கேட்ட முதற் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "ஊரில் குளுக்கோஸ் ஏற்றினீர்களா?" இல்லை என்றோம். "நல்லவேளை" என்றார். பல நாள் விடாது வாந்தியெடுத்தவரின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதனை முதலில் செலுத்தாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படக்கூடும். எங்கள் ஊர்களில் சோர்ந்தவர் எவராயினும், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்பதே முதல் வேண்டுகோள். அன்று அதைச் செய்யாமல் விட்டது எங்கள் அறிவினால் அன்று, தற்செயலால். ஒரு மனிதரின் நினைவாற்றல் தற்செயலால் தப்பியது.

நண்பர் தேறினார். ஆயினும் கேள்வி தேறவில்லை. குறள் சொல்லும் நான்கு கூறுகளில் மூன்றுக்கு மருத்துவமனை 'பேக்கேஜ்' என்று விலை வைத்திருந்தது. நான்காவதை யாரும் கணக்கில் கொள்ளவில்லை. வார்டில் நாற்காலியிலும் தரையிலும் படுத்திருந்து, மாத்திரை வாங்கி வந்து, பணம் கட்டி, வீட்டில் கஞ்சி வடித்துக் கொடுக்கும் அந்த ஆளை மருத்துவமனை 'அட்டெண்டர்' என்று ஒரு பாஸ் கொடுத்து நிறுத்திக்கொள்கிறது. பயிற்சி கொடுப்பதில்லை. பெருநகரில் குடியிருப்பவர் அரைமணியில் மருத்துவமனைக்குத் திரும்பிவிடலாம். வத்திராயிருப்பிலோ கூமாப்பட்டியிலோ இருப்பவருக்கு அந்த நான்காமவரே முதல் மருத்துவர்.

அந்த ஆளை எவ்வாறு ஆயத்தம் செய்வது? பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நாங்கள் அறிந்தவற்றைச் சொல்கிறோம். தனி ஒருவருக்குரிய அளவை அவருடைய மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

ஆயத்தம் அறுவைக்குப் பல வாரம் முன்பே தொடங்க வேண்டும். புகைப்பவர் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக நிறுத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவருக்கு அதற்குரிய கருவி பழக வேண்டும். மருத்துவமனைக்குப் போகையில் அதனையும் எடுத்துச் செல்ல வேண்டும். கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவு கொடுப்பார்கள். கொழுப்பேறிப் பெருத்த கல்லீரல் சுருங்கினால்தான் அதன் அடியில் கருவி நுழைய இடம் கிடைக்கும். இதனை அறியாத வீடு, "ஆபரேஷனுக்கு முன்னால நல்லாச் சாப்பிடட்டும்" என்று விருந்து வைக்கிறது. எங்கள் நண்பருக்கும் வைத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையை அன்று மீண்டும் ஒருமுறை கொண்டாடினோம். அறியாமைக்கு இதைவிட இனிப்பான உதாரணம் இல்லை.

பெட்டியில் வைக்கும் துணிமணியைவிட முக்கியமானவை சில உண்டு. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய பரிசோதனைத் தாள்கள், தளர்வான உடை, குனியாமல் மாட்டக்கூடிய செருப்பு. அறுவை முடிந்த அன்றே எழுப்பி நடக்க வைப்பார்கள். "பாவம், படுத்திருக்கட்டும்" என்று தடுப்பது அன்பன்று. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைக்கும். இழுத்து மூச்சுவிடும் பயிற்சியும் அவ்வாறே.

வீடு திரும்பிய பின் உணவு படிப்படியாக ஏறும்: முதலில் தெளிந்த நீராகாரம், பின்னர் பாலும் மோரும் போன்ற திரவம், அடுத்து மசித்தது, பிறகு குழைந்தது, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான உணவு. எந்த வாரத்துக்கு எது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஆனால் படிகளைத் தாண்டக் கூடாது என்பது மாறாது. வடித்த பருப்புத் தண்ணீர், நீர்மோர், கடைந்த பாசிப்பருப்பு, தயிர், மசித்த முட்டை எனப் பெரும்பாலானவை நம் அடுப்படியில் உள்ளவையே. இடர், புரதத்தின் அளவில்தான். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மி.லி. பாலில் ஆறேழு கிராம். ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவே. கைப்பிடி கொள்ளாத இரைப்பையில் முதலில் சோற்றை இட்டால் புரதத்துக்கு இடமிராது. ஆகவே நம் இலையின் வரிசையே தலைகீழாக வேண்டும்: பருப்பும் முட்டையும் மீனும் முதலில்; சோறு இடமிருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாகாது. அரைமணி இடைவெளி விட்டு, நாள் முழுவதும் ஒவ்வொரு மிடறாக ஒன்றரை லிட்டர். பந்தியில் "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்துவதை உபசாரம் என்று பழகிய ஊரில், இது சமையல் மாற்றம் மட்டுமன்று, பண்பாட்டு மாற்றம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுவதும். மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், பின்னர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதம் தொடங்கி முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். இதை மாமியாருக்கு யார் சொல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. காய்ச்சல், ஓய்விலும் அடங்காத நெஞ்சுத் துடிப்பு, தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டிருந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் உயிருக்கு ஆபத்து.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்த விழிப்பு வேண்டும். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவைக்குச் சேர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அம்மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்துவிட்டு, "அறுவையே வேண்டாம்" என்று முடிவு கட்டுவது எளிது. படிக்க வேண்டிய பாடம் வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா, இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா, சிக்கல் நேர்ந்தால் எங்கே மாற்றுவீர்கள், இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை, 2019-ல் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி தெளிவாக உள்ளது: பதினெட்டு வயது நிரம்பி, சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35-ஐ எட்டிக் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடும் உறக்க மூச்சடைப்பு போன்றவற்றோடு பிற வழிகள் பலிக்காமற் போனாலோ, மருத்துவர் பரிந்துரையின் பேரில் அது விலக்கப்பட்ட சிகிச்சை ஆகாது. அழகுக்காகச் செய்வது என்று மறுக்கும் முகவரிடம் இதனைக் காட்டலாம்.

2025-ல் மௌஞ்சாரோ, வீகோவி ஆகிய ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின், "இனிக் கத்தி எதற்கு?" என்கிறார்கள். சிலருக்கு வேண்டாமற் போகலாம். ஆனால் ஊசியும் நான்காமவரை விலக்கிவிடாது. அதற்கும் புரதமும், நீரும், கண்காணிப்பும் வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும்.

எம் கோரிக்கை பெரிதன்று. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னர், வீட்டில் சமைப்பவரையும் உடனிருப்பவரையும் அழைத்து ஒரு மணி நேரம் தமிழில் பேச வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதற்பக்கம் தமிழில் இருக்க வேண்டும். 'தயமின் இன்றிக் குளுக்கோஸ் ஏற்றாதீர்' என்பது போன்ற எச்சரிக்கை, உள்ளூர் மருத்துவர் கண்ணில் படுமாறு அதிலேயே இருக்க வேண்டும். இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எங்கே அறுவை செய்துகொண்டவராயினும், தொடர் கவனிப்புக்காக மாதம் ஒரு நாள் அங்கே வந்து போக ஏற்பாடு செய்தால், இம்மாவட்டத்தார் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்கும் பெருநகரம் ஓட வேண்டியிராது.

நண்பர் இப்போது 94 கிலோ. சென்ற ஆண்டு சதுரகிரி ஏறி இறங்கினார். நாங்கள்தாம் வழியெங்கும் உட்கார்ந்து எழுந்தோம். அவர் மனைவியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எந்த வாரம் எதைக் கொடுத்தார், எது தங்கியது, எது வெளியே வந்தது என்று நாள்வாரியாகத் தம் கையெழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். கடந்த மாதம் கூமாப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து அதனைக் கேட்டு, ஜெராக்ஸ் எடுத்துச் சென்றது. மருத்துவமனை தந்திருக்க வேண்டிய அந்த நோட்டை அவர் தாமே எழுத வேண்டியிருந்தது.