காத்திருந்து வென்ற குதிரை வீரர்



தடைதாண்டும் குதிரையேற்றப் போட்டி வேகத்தை மட்டும் நம்பி வெல்லக்கூடியதன்று. ஒன்றரை மீட்டர் உயரத்திற்கும் மேலாக அடுக்கப்பட்ட மரக்கழிகளைக் குதிரை தாண்ட வேண்டும். குளம்பு பட்டு ஒரு கழி வீழ்ந்தாலும் நான்கு தண்டப் புள்ளிகள். விரைவும் நிதானமும் ஒருங்கே கைவரப் பெற்றவரே இதில் வெல்ல இயலும்.

இத்துறையில் தலைசிறந்து விளங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த நிக் ஸ்கெல்டன். 1957இல் பெட்வொர்த் என்னும் ஊரில் பிறந்தவர். 1978இல் லண்டனில் ‘லாஸ்டிக்’ என்னும் குதிரையின் மீதமர்ந்து, 2.32 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி பிரிட்டிஷ் சாதனை படைத்தார்.

புகழின் உச்சியில் இருந்தவரை 2000ஆம் ஆண்டு ஒரு விபத்து வீழ்த்தியது. குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. இனிக் குதிரை ஏறலாகாது என மருத்துவர்கள் எச்சரித்தனர். அவர் அதை மீறவில்லை. 2001இல் ஓய்வை அறிவித்தார். ஆனால் முறிந்த எலும்பு எதிர்பார்த்ததைவிட நன்கு கூடியது. மருத்துவ ஒப்புதல் பெற்ற பின்னரே, 2002இல் மீண்டும் களம் கண்டார்.

உடனே வெற்றி வந்துவிடவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கைக்கெட்டிய பதக்கம் இறுதிக் கட்டத்தில் நழுவியது. 2012இல் லண்டனில் ‘பிக் ஸ்டார்’ என்னும் குதிரையுடன் அணிக்கான தங்கத்தை வென்றார். தனிநபர் போட்டியிலோ ஒரு கழி வீழ்ந்தது, பதக்கம் கைகூடவில்லை. அதன்பின் அக்குதிரையும் காயமுற்றது. முன்பு தம் கழுத்தெலும்பு கூடுவதற்குக் காத்திருந்தவர், இப்போது வாய் பேசாத அவ்வுயிர் நலம் பெறும்வரை பொறுமையுடன் காத்திருந்தார்.

2016, ரியோ. ஸ்கெல்டனுக்கு வயது 58. அது அவருக்கு ஏழாவது ஒலிம்பிக். முதலிடத்தைத் தீர்மானிக்கும் சுற்றுக்கு அறுவர் தகுதி பெற்றனர். முதலில் களமிறங்கிய ஸ்கெல்டன், ஒரு கழியும் விழாமல் 42.82 வினாடிகளில் சுற்றை முடித்தார். பின்னர் மற்ற ஐவரின் ஆட்டத்தையும் பார்த்து நிற்பதன்றி அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. கனடாவின் எரிக் லமேஸ் அவரினும் விரைவாக, 42.09 வினாடிகளில் முடித்தார். ஆனால் ஒரு கழி வீழ்ந்தது. தனிநபர் தடைதாண்டும் போட்டியில் பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் ஸ்கெல்டனுடையதாயிற்று. வெற்றி மேடையில் அவர் கண்கலங்கி நின்றார். 2017இல் வீரரும் குதிரையும் ஒன்றாகவே ஓய்வு பெற்றனர்.

பதினேழு வயதில் ஒரு தேர்வில் தவறிய பிள்ளையிடம் ‘உன் எதிர்காலம் முடிந்தது’ என்று கூறும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உளர். அச்சொல்லை உதிர்க்குமுன், ஐம்பத்தெட்டு வயதில் அம்மேடை ஏறிய இம்மனிதரை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. பொறுமை என்பது பிடிவாதமன்று. நிற்க வேண்டிய இடத்தில் நின்று, காலம் கனியும்போது மீண்டும் எழுவதேயாகும்.