அனுப்பிவிட்டால் சேர்ந்ததாகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஐப்பசி வாசலில் நிற்கிறது, அதனால் பொறுமையாகப் படித்துவிடுங்கள். கட்சிக்காரர்கள் யாரும் இதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எந்த ஆட்சி வந்தாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் ஒரே சண்டை. "முன்கூட்டியே எச்சரித்தோம்" என்பார்கள் அதிகாரிகள். "எங்களுக்கு யாருமே சொல்லலை" என்பார்கள் வீட்டை இழந்தவர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை, ஊர் தூங்கும் நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எச்சரிக்கையே இல்லை என்றன எதிர்க்கட்சிகள். இரண்டு தரப்பும் தொலைக்காட்சியில் கத்தி ஓய்ந்தன.

என்னைக் கேட்டால் அனுப்பியதும் உண்மையாக இருக்கலாம், சேராததும் உண்மையாக இருக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "பாடம் நடத்தியாச்சு சார்" என்று தலைமையாசிரியரிடம் சொல்லலாம், பாடக்குறிப்பு நோட்டிலும் எழுதி வைக்கலாம். கடைசி பெஞ்சுப் பையனை எழுப்பி ஒரு கேள்வி கேட்டால்தான் நடத்தியது சேர்ந்ததா என்று தெரியும். பேரிடர் எச்சரிக்கையில் நம் அரசாங்கங்கள் இன்னும் பாடக்குறிப்பு நோட்டைத்தான் காட்டிக்கொண்டிருக்கின்றன.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். வானிலைக் கணிப்பு நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. 2018-ல் டிஎன்ஸ்மார்ட் செயலி வந்தது. 2024-ல் டிஎன் அலர்ட். மத்திய அரசின் சசேத் இருக்கிறது, இடி மின்னலுக்கு தாமினி இருக்கிறது. 2023-ல் நம் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறினவே, நினைவிருக்கிறதா? அந்த முறையில் நம்பரே தேவையில்லை, கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிக்கும் செய்தி போகும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் கோபுரம் நிற்க வேண்டுமே! 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் பக்கம் இருந்தவர்களைக் கேளுங்கள். பலா, முந்திரி மட்டுமா சாய்ந்தது? மின்கம்பம் சாய்ந்தது, கைப்பேசி செத்தது. பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எங்கள் தெருவில் அன்று வாய் திறந்து பேசிய ஒரே கருவி பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர்தான்.

இந்த இடத்தில் பழைய துறைமுகக் கூண்டை நினைத்துப் பாருங்கள். "கடலூர்ல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்று கேட்காத வீடு நம் மாவட்டத்தில் உண்டா? 1-ல் தொடங்கி 10 வரை போனால் பெரும் அபாயம் என்று எல்லோருக்கும் தெரியும். 11 என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்புண்டு என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராமல் போவதே ஒரு செய்தி என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் ஒரு எண் ஒதுக்கினார்கள். இன்றைய செயலிகளில் அந்த 11 எங்கே? சிக்னல் போய்விட்டால் திரை அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து, ஆபத்து இல்லை போலிருக்கிறது என்று பாட்டி பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

சேருவது என்றால் என்ன என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நமக்கு வடக்கே புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் நமக்குச் சொல்ல ஆள் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தேவனாம்பட்டினம், எம்.ஜி.ஆர். திட்டு என்று சொன்னாலே இன்னும் நெஞ்சு அடைக்கிறது. நல்லவாட்டில் என்ன நடந்தது? சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600-க்கும் மேற்பட்டோர் இருந்த ஊர் தப்பியது.

பலர் இந்தக் கதையில் போனை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நான் ஒலிபெருக்கியைப் பார்க்கச் சொல்கிறேன். அது மீனவர்களுக்கு அலை உயரம் சொல்ல வழக்கமாகப் பயன்பட்ட கருவி. அதனால்தான் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது. அதில் வரும் குரலை ஊர் நம்பியது. வருடத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் கருவி அந்த ஒருநாள் வேலை செய்யாது. பள்ளி ஆய்வகத்துக் கருவிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்து மொழி. நம் மாவட்டம் தமிழ்நாட்டின் வடிகால். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் நம் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் முக்கொம்பு, கீழணை தாண்டி சிதம்பரம் பக்கம் வர நாள் கணக்கு ஆகும். அவகாசம் இருக்கிறது. ஆனால் என்ன செய்தி வருகிறது? "கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடி. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்." திட்டுக்காட்டூரிலோ அக்கரை ஜெயங்கொண்டபட்டினத்திலோ இருக்கும் ஒரு அம்மாவுக்கு 2 லட்சம் கன அடி என்றால் என்ன? தன் திண்ணை வரை வருமா, கூரை வரை வருமா? மாட்டை அவிழ்க்க நேரம் இருக்கிறதா? எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, சாவி யாரிடம்? இதில் எதற்கும் அந்தச் செய்தியில் பதில் கிடையாது. இது எச்சரிக்கையா, பின்னால் பொறுப்பு கேட்டால் காட்ட வைத்திருக்கும் ரசீதா?

அரசின் செய்தி புரியாத இடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் குடும்பக் குழுவில் ஒவ்வொரு மழைக்கும் "ஏரி உடைஞ்சிடுச்சு, ஓடுங்க" என்று யாரோ ஒருவரின் குரல் பதிவு வரும். அது எளிய தமிழில் பேசுகிறது, ஊர்ப் பெயர் சொல்கிறது. பொய்தான் நம் மொழியில் வருகிறது, உண்மை கன அடியில் வருகிறது.

"இப்போ எல்லார் கையிலும் போன் இருக்கே சார்" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். அவன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறான். தம்பி, போன் உன் கையில் இருக்கிறது. உன் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ரீசார்ஜ் முடிந்தால் நீதான் அங்கிருந்து போட வேண்டும். இரவு பத்து மணிக்கு அதை அணைத்து வைத்துவிட்டுத்தான் தூங்குவார். சாத்தனூர் திறந்தது அதிகாலையில்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் புயலின்போது பத்து லட்சம் பேர் வரை முன்பே வெளியேற்றப்பட்டார்கள், உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. பிறகு கரையோரம் 122 இடங்களில் அபாயச் சங்குக் கோபுரங்களும் நிறுவினார்கள். 1970 புயலில் லட்சக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்த வங்கதேசத்தில் இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் கொடியும் கையொலிபெருக்கியுமாக வீடு வீடாகப் போகிறார்கள். செயற்கைக்கோள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் கடைசி ஒரு கிலோமீட்டரை மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது கோடிகள் பிடிக்கும் காரியம் இல்லை.

1. ஆற்றோர, கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி அல்லது சங்கு. மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அதை ஒலித்துப் பார்க்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும்.

2. பாலத்திலும் பள்ளிச் சுவரிலும் 2015, 2024 வெள்ளம் தொட்ட உயரத்துக்குப் பெயின்ட் கோடு. எச்சரிக்கை இப்படி வரட்டும்: "இன்று மாலை 6 மணிக்குள் தண்ணீர் 2024 கோட்டைத் தொடும்."

3. ஊருக்கு இரண்டு பொறுப்பாளர்கள், அதில் ஒருவர் பெண். பெயரும் எண்ணும் ஊராட்சிச் சுவரில். தனியாக இருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் பட்டியல் அவர்களிடம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

4. நம் 11-ம் எண். எச்சரிக்கை வந்த பிறகு தொடர்பு அறுந்தால், மறு செய்திக்குக் காத்திருக்காமல் முகாமுக்குக் கிளம்ப வேண்டும் என்ற விதி. இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

5. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மாவட்ட நிர்வாகம் ஒரு கணக்கு வெளியிட வேண்டும். எத்தனை செய்தி அனுப்பினோம் என்ற கணக்கு வேண்டாம். எத்தனை வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு வேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் தாய். விடைத்தாளைத் திருத்தாத பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் தேறாது.

அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது, நவம்பர் 1 கிராம சபை மழைக்கு நடுவில் வருகிறது. போங்கள். நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடா ஆட்களும், கிள்ளை, பரங்கிப்பேட்டை ஆட்களும் கட்டாயம் போங்கள். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. எங்க தெருவுக்கு யார் வந்து சொல்வாங்க? அவங்க பேர் என்ன?"

பெயர் சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், பதில் இல்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதுவரை 1077 மாவட்ட எண், 1070 மாநில எண் இரண்டையும் காகிதத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.