காடையர் வானத்திலிருந்து விழுவதில்லை



ஜூலை மாதம் பிறந்தால் லயங்களில் 1983 பற்றிய பேச்சு எழும். மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயில் தேர்களுக்கும் தீ வைத்தார்கள். "சிங்களச் சனங்களுக்குத் திடீரென வெறி பிடித்துவிட்டது" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அது தவறு. ஆபத்தான தவறு.

வெறி பிடித்தவன் வாக்காளர் இடாப்பைப் பார்த்து வீடு தேடமாட்டான். கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் இடாப்பு இருந்தது. ஏற்றிவர வாகனம் இருந்தது. ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் அதே சிறையில் இருந்த குற்றவாளிகள். பூட்டிய சிறையில் அவர்களுக்குக் கதவு திறந்தது யார்? இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தக் காடையர் படை தமிழர்மீது மட்டுமா ஏவப்பட்டது? 1980 ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்த தொழிலாளர்மீது பாய்ந்தது. தொழிற்சங்கவாதி சோமபால உயிரிழந்தார். 1983 ஜூனில், ஆட்சிக்குப் பிடிக்காத தீர்ப்பு வழங்கிய உயர்நீதிமன்ற நீதியரசர்களின் வீட்டு வாசலில் போய்க் கூச்சலிட்டது. தட்டிக்கேட்க ஆள் இல்லை. அடுத்த மாதம் நாடு எரிந்தது. வன்புணர்வுக் குற்றத்தில் தண்டனை பெற்ற கோணவல சுனிலுக்கு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன மன்னிப்பு அளித்தார். அவரைச் சமாதான நீதவானாகவும் ஆக்கினார்கள். காடையனுக்கு அதைவிட என்ன தைரியம் வேண்டும்?

ஆகவே அடையாளங்களைப் படிப்போம். குற்றவாளி அரசியல்வாதியின் மேடையில் ஏறுகிறானா? அவன்மீதான வழக்கு காணாமல் போகிறதா? எந்த லயத்தில் யார், எந்தக் கடை யாருடையது என்று எவராவது கணக்கெடுக்கிறார்களா? கைத்தொலைபேசியில் வதந்தி சுற்றுகிறதா? 2018 மார்ச்சில் பக்கத்து மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிவதற்கு முன்பே முகநூலில் வெறுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நமது பிள்ளைகளையும் கவனிப்போம். தேர்தல் காலத்தில் சாராயப் போத்தலைக் காட்டி அவர்களை லொறியில் ஏற்ற வருகிறவர்கள், நாளை யார் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள்?

என்ன செய்வது? மிரட்டல் எதுவானாலும் திகதியோடு தோட்டக் கமிட்டிப் புத்தகத்தில் எழுதுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். பொலிஸ் கைவிரித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழையுங்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்துச் சிங்களவரோடும் முஸ்லிம் வியாபாரிகளோடும் இப்போதே உட்கார்ந்து பேசுவோம். 1983இல் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் எத்தனையோ. நமது எதிரி அவர்களல்ல. காடையனும், அவனுக்குக் கூலி கொடுப்பவனும், அவனைத் தண்டிக்காமல் விடுபவனும்தான்.