நம்ம நெல்லுக்குப் பெயர் வைப்பது யார்? பெயர் வைப்பவனே விலையும் வைப்பான்!



'இ-நாம்' என்கிற தேசிய மின்னணு வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களில் 21 சந்தைகளோடு தொடங்கப்பட்டது. 2018க்குள் 585 ஆச்சு. 2020ல் ஆயிரம் ஆச்சு. 2023ல் 1,361 ஆச்சு. தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் இதில் சேர்க்கப்பட்டன. எங்கோ இருக்கிற வியாபாரி கம்ப்யூட்டரில் பார்த்து விலை கேட்பான், போட்டி கூடும், பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள்.

சங்கம் இதை எதிர்க்கவில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி, நமக்குத் தெரியாமலே நம்ம சரக்கை முடித்த காலம் திரும்ப வேண்டாம். விலை வெளிச்சத்துக்கு வரட்டும். ஆனால் நாம் கேட்பது ஒரே கேள்வி:

அந்தக் கம்ப்யூட்டருக்குள் நம்ம சரக்குக்கு என்ன பெயர்? அந்தப் பெயரை வைத்தது யார்?

ஒரே நெல்லுக்கு எத்தனை பெயர்?

விதைப் பையில் 'பி.பி.டி. 5204' என்று அச்சடித்திருக்கும். ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். அங்கே அதற்குச் 'சம்பா மசூரி' என்று பெயர். நம்ம ஊரில் 'ஆந்திரா பொன்னி' என்போம். அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அது வெறும் 'சன்ன ரகம்'. மத்திய அரசு காகிதத்தில் 'ஏ கிரேடு'. அரிசி ஆலைக்காரர் தன் கணக்குப் புத்தகத்தில் வேறொரு பெயரில் எழுதியிருப்பார். நெல் ஒன்றுதான், பெயர் ஆறு!

ஆள் பேசினால் ஆளுக்குப் புரியும். கம்ப்யூட்டருக்குப் புரியாது. விற்பனைக்கூடத்துக் கம்ப்யூட்டர் சொல்வது வெளிமாநில வியாபாரியின் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமென்றால், 'இங்கே இந்தப் பெயர், அங்கே அந்தப் பெயர், இரண்டும் ஒன்று' என்று ஒரு பொருத்தப் பட்டியல் போட்டாக வேண்டும். பெயருக்கு ஒரு பட்டியல், எடைக்கு ஒரு பட்டியல், தரத்துக்கு ஒரு பட்டியல். மின்னணு வியாபாரம் முழுக்க இந்தப் பட்டியல் மேல்தான் நிற்கிறது. அந்தக் காலத்துத் தராசில் படிக்கல் எப்படியோ, இந்தக் காலத்துச் சந்தையில் இந்தப் பட்டியல் அப்படி. படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்த நாம், இந்தப் பட்டியலைக் கண்ணால் பார்த்திருக்கிறோமா?

பெயரில் என்ன இருக்கு என்கிறீர்களா?

2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகையோடு சேர்த்து அறிவித்த விலை, சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். ஒரு சொல் மாறினால் குவிண்டாலுக்கு 45 ரூபாய் மாறுகிறது! அங்கேயாவது ஒரு விதி இருக்கிறது. மணியின் நீளம் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது ஏ கிரேடு. அளந்து பார்க்கலாம், சண்டை போடலாம்.

மின்னணு ஏலத்தில்? நம்ம ரகத்தின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், பதிவு செய்கிறவர் 'இதர' என்று ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். அந்த நிமிடமே நம்ம ஆந்திரா பொன்னி ஊர் பேர் இல்லாத நெல்லாகிவிடும். இருநூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் வியாபாரி கையால் அள்ளிப் பார்த்தானா? பல்லில் கடித்துப் பார்த்தானா? திரையில் தெரிகிற பெயர்தான் அவனுக்குச் சரக்கு. 'இதர' என்று இருக்கிற சரக்குக்கு எவன் உச்ச விலை கேட்பான்? முகவை குண்டு மிளகாயும் சம்பா வற்றலும் 'மிளகாய் வற்றல்' என்ற ஒரே பெயருக்குள் போனால், எந்த விவசாயிக்கு நட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூட்டை என்றால் எத்தனை கிலோ?

அரசு கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. வெளி வியாபாரியிடம் 60 கிலோ என்பான் ஒருவன், 75 என்பான் இன்னொருவன். போதாததற்குச் 'சாக்கு எடை', 'ஈரக் கழிவு' என்று மேல்பிடித்தம். ஜி.எஸ்.டி. கணக்கில் வியாபாரிகள் போடுகிற அலகுப் பட்டியலைப் பாருங்கள். கிலோ இருக்கிறது, குவிண்டால் இருக்கிறது, கூடவே 'பேக்' என்றும் ஒன்று இருக்கிறது. அந்தப் பைக்குள் எத்தனை கிலோ? பட்டியல் சொல்லாது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மூட்டை கொண்டுபோகிற ஒரு விவசாயிக்கு மூட்டைக்கு 2 கிலோ கழித்தால் 80 கிலோ போச்சு. கிலோ 23 ரூபாய் என்றாலும் 1,840 ரூபாய். ஒரு ஆள் இரண்டு மூன்று நாள் உழைத்த கூலி, ஒரு சொல்லுக்குள் காணாமல் போகிறது. இது திருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. 'அலகு மாற்றம்' என்பார்கள்!

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். வெற்றிலையை நாம் விற்பது கவுளிக் கணக்கில். அந்த அலகுப் பட்டியலில் கவுளிக்கு இடம் எங்கே? 'இதர' என்ற பெட்டிதான் கதி. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்றார்கள் பெரியவர்கள். இன்றைக்கு அந்த உழக்கே பட்டியலில் இல்லை!

தரம் சொல்வது யார்?

இ-நாமில் ஒவ்வொரு விளைபொருளுக்கும் ஈரப்பதம், தூசு, உடைசல், நிறம் மாறிய மணி என்று தர அளவுகள் வகுத்திருக்கிறார்கள். முதலில் 25 பொருளுக்கு இருந்தது, இன்று 200க்கும் மேல். சரிதான். ஆனால் அந்த அளவைப் பார்க்கக் கருவியும் படித்த ஆளும் எல்லா விற்பனைக்கூடத்திலும் எல்லா நாளும் உண்டா? சோதிக்காமலே ஒரு எண்ணைப் போட்டால் நாம் யாரிடம் முறையிடுவது?

மேடைகள் பெருகுகின்றன, பட்டியல்களும் பெருகுகின்றன!

2020ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று, தனியார் கம்பெனிகள் மின்னணு வர்த்தக மேடை போட வழி செய்தது. டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து போராடி, 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. சட்டம் போச்சு, மேடை போகவில்லை. 2022 ஜூலையில் இ-நாமுக்குள்ளேயே 'மேடைகளின் மேடை' என்று தொடங்கி, தரம் பார்க்க, கிடங்கு பார்க்க, லாரி பிடிக்க, வியாபாரம் பண்ண என்று வெளிக் கம்பெனிகளை இணைத்தார்கள். 'ஓ.என்.டி.சி.' என்ற இன்னொரு வலையும் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பட்டியல். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போதெல்லாம் நம்ம சரக்கின் பெயரில் ஒரு எழுத்து உதிர்கிறது. கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

'இது கம்ப்யூட்டர் சமாச்சாரம், உங்களுக்கு எதுக்குய்யா' என்று சிலர் சொல்வார்கள். 1956ல் எடை அளவுச் சட்டம் வந்து, படியும் மரக்காலும் வீசையும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தபோது, ஒரு வீசைக்கு எத்தனை கிராம் என்ற மாற்றுக் கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் படித்தது. அந்தக் கணக்கு ஊரறிய இருந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 'அக்ரோவாக்' என்று வேளாண் சொல் பட்டியல் ஒன்றைப் பல மொழிகளில் போட்டு, உலகமே பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. உலகப் பட்டியல் திறந்திருக்கும்போது உள்ளூர்ப் பட்டியலை விற்பனைக்கூடத்துச் சுவரில் ஒட்டுவதற்கு என்ன தடை?

'ஊருக்கு ஒரு பெயர் வைத்தால் சரக்கு துண்டு துண்டாகிவிடும், ஏலத்துக்கு ஆள் வராது' என்று வியாபாரிகள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்கு வழி நம்ம பெயரை அழிப்பதல்ல. பொதுப் பெயர் முன்னால் இருக்கட்டும், ரகப் பெயரும் ஊர்ப் பெயரும் அதோடு சேர்ந்தே போகட்டும். கம்ப்யூட்டருக்கு இது பாரமா?

ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பது நம்ம பழமொழி. அளக்கிற படியை மட்டும் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு நிற்கலாமா?

நமது கோரிக்கைகள்:

1. பெயர், அலகு, தரம் ஆகிய மூன்றின் பொருத்தப் பட்டியலையும் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் ஒட்ட வேண்டும்.

2. விவசாயி ரகப் பெயரைச் சொன்னால் அந்தப் பெயரையே பதிய வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் 'இதர' என்று போடக்கூடாது.

3. மூட்டைக் கணக்கு வேண்டாம். நெல்லோ பருத்தியோ, எடை கிலோவில்தான் பதிய வேண்டும். சாக்குக்குக் கழிப்பது சாக்கின் உண்மையான எடையாக மட்டுமே இருக்க வேண்டும்.

4. கவுளி, தார், கட்டு போன்ற நம்ம அளவுகளுக்கு விவசாயிகளைக் கலந்து பேசி மாற்றுக் கணக்கு நிர்ணயிக்க வேண்டும்.

5. தரச் சோதனைச் சீட்டைத் தமிழில், ஏலத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். மறுசோதனை கேட்கும் உரிமை வேண்டும்.

6. பட்டியலைத் திருத்தும் குழுவில் சிறு விவசாயிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். இணைகிற தனியார் மேடைகளும் அதே பட்டியலுக்குக் கட்டுப்பட வேண்டும்.

தோழர்களே! 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இந்தப் பட்டியலைக் கேட்டு மனுப் போடுவோம். மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு விளாங்குடி, பரவை, சமயநல்லூர் சுற்று வட்டாரத்திலிருந்து திரண்டு வாருங்கள். ஆளுக்கொரு கைப்பிடி நெல்லை உங்கள் வாயில் வழங்குகிற பெயரை எழுதிய சீட்டோடு பொட்டலம் கட்டி எடுத்து வாருங்கள். மனுவோடு சேர்த்து மேசை மேல் வைப்போம். இந்த நெல்லுக்கு உங்கள் பட்டியலில் என்ன பெயர் என்று கேட்போம். பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் கேட்போம்!

விளைவித்தவனே பெயர் வைப்பான்!
அளவும் நமது, தரமும் நமது, விலையும் நமதாகட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், விளாங்குடி